கொடுக்கும் கை, எடுக்கும் கை: தென்னாப்பிரிக்காவின் தொழில் கொள்கை ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை?

2018 ஏப்ரல் 1 அன்று, சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு ஒரு புது வரி போட்டது. சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அதே வருஷம் ஆகஸ்டில் அதே அரசு, உள்ளூர்ச் சர்க்கரை ஆலைகளையும் கரும்பு விவசாயிகளையும் காப்பாற்ற, இறக்குமதிச் சர்க்கரைக்கு எவ்வளவு வரி என்று தீர்மானிக்கும் காப்பு விலையை உயர்த்தியது. உள்ளூர்ச் சர்க்கரையை வாங்குங்கள் என்பது இதன் பொருள். நாலு மாத இடைவெளியில் இரண்டு உத்தரவுகள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்குமே நியாயமான காரணம் உண்டு. சேர்த்துப் படித்தவர்களுக்குத்தான் தலை சுற்றியது.

டர்பன் வட்டாரத் தமிழர்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் இங்கே ஆட்களை இறக்கியதே கரும்புக்காகத்தான். அவர்களுடைய சந்ததியில் பலர், குறிப்பாகப் பெண்கள், பிற்பாடு தையல் ஆலைகளுக்குப் போனார்கள். மெரிபேங்க், இசிப்பிங்கோ பக்கத்துப் பிள்ளைகள் ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையிலும் அதைச் சுற்றிய உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடினார்கள். கரும்பு, துணி, கார் என்று ஒரே கடற்கரையில் மூன்று தொழில்கள். மூன்றையும் வளர்ப்பதாகச் சொன்னது ஒரே அரசு. ஆனால் கிடைத்த கொள்கை மூன்று விதம், முடிவும் மூன்று விதம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வரி ஏறுவதும் இறங்குவதும் ஏன் என்பது பிடிபடும்.

அடிப்படை: இரண்டு கொள்கைகள், சில கருவிகள்

தொழில் கொள்கை என்பது, எந்தத் தொழில் இந்த நாட்டில் வளர வேண்டும் என்று அரசு தீர்மானித்து அதற்குக் கை கொடுப்பது. மானியம், மலிவான கடன், அரசுக் கொள்முதலில் முன்னுரிமை எல்லாம் இதில் அடங்கும். வர்த்தகக் கொள்கை என்பது, எல்லையில் எந்தச் சரக்கு என்ன விலை கொடுத்து உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது. முதலாவது தொழிற்சாலைக்குள் நடக்கிறது, இரண்டாவது துறைமுகத்தில் நடக்கிறது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் வண்டி ஓடும்.

துறைமுகத்துக் கருவிகளில் அடிக்கடி செய்தியில் வருபவை இவை:

1. சுங்க வரி. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அந்தப் பொருளுக்குப் பொதுவாக உண்டு. ஒப்பந்தம் இருக்கும் நாடுகளுக்குச் சலுகை.

2. உச்ச வரம்பு. இதற்கு மேல் போட மாட்டேன் என்று உலக வர்த்தக அமைப்பிடம் நாடு எழுதிக் கொடுத்த வீதம். உடைக்கு 45%. அமைச்சர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சாதாரணமாக அதைத் தாண்ட முடியாது.

3. பொருள்குவிப்புத் தடுப்பு வரி. தன் நாட்டில் விற்பதைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று நிரூபித்தால், குறிப்பிட்ட நாட்டுச் சரக்குக்கு மட்டும் போடும் கூடுதல் வரி.

4. வரிக் கழிவு. வரி இருக்கும்; ஆனால் இன்ன நிபந்தனைக்கு உட்பட்ட ஆலை அந்த வரியைக் கட்ட வேண்டியதில்லை. செய்தியில் குறைவாக வரும், தொழிலில் அதிகமாக விளையாடும்.

சாவி யார் கையில்?

ஒரு வரியை மாற்றப் பல கைகள் சேர வேண்டும். விண்ணப்பம் முதலில் சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்துக்குப் போகும். 2002-ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்தது அது. ஆணையம் அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும், விசாரிக்கும், வர்த்தக அமைச்சருக்குப் பரிந்துரைக்கும். வர்த்தக அமைச்சருக்கு அது சரியென்று பட்டால் நிதி அமைச்சருக்கு எழுதுவார். அப்புறம் வருவாய்த் துறை 1964-ஆம் வருஷச் சுங்கச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி மறுபடி அரசிதழில் போடும். மாதக்கணக்கில் ஆகிற வேலை.

சுகாதாரத் துறை கேட்டால் நிதித் துறை குளிர்பான வரி போடும். அதற்கு வர்த்தகத் துறையின் கையெழுத்து தேவையில்லை. மின்கட்டணம் இன்னொரு இடத்தில். துறைமுகமும் ரயிலும் வேறொரு அரசு நிறுவனத்தில்.

இது போதாதென்று, எல்லையே தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி (பழைய பெயர் சுவாசிலாந்து) ஆகிய நாலு நாடுகளும் சேர்ந்த சுங்க ஒன்றியம் 1910 முதல் இருக்கிறது. ஐந்து நாடுகளுக்கும் வெளி வரி ஒன்றே. உள்ளே வரி கிடையாது. வசூலாகும் பணம் பொதுப் பெட்டிக்குப் போய்ப் பங்கு பிரிக்கப்படும். லெசோத்தோ, எஸ்வாத்தினி அரசுகளின் வருமானத்தில் பெரிய பங்கு அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. டர்பனில் ஒரு ஆலைக்காக வரியைத் தூக்கினால் அந்தச் சுமை லெசோத்தோ தலைநகர் மசேருவில் கடைக்குப் போகிறவர் தலையிலும் விழும். வரியைக் குறைத்தால் அங்கே பட்ஜெட்டில் துண்டு விழும்.

2009 முதல் பத்து வருஷம் இதில் ஒரு விநோதமும் நடந்தது. வர்த்தகப் பேச்சுவார்த்தை வர்த்தக, தொழில் துறையில், ராப் டேவிஸ் அமைச்சர். வரி ஆணையமோ புதிதாக அமைத்த பொருளாதார வளர்ச்சித் துறையின் கீழ் போனது, அதற்கு எப்ராஹிம் படேல் அமைச்சர். போதாக்குறைக்கு, டிரெவர் மானுவேல் தலைமையில் தேசியத் திட்டக் குழு தனியாக. படேல் துறையின் புதிய வளர்ச்சிப் பாதை 2010-இல் வந்து, 2020-க்குள் 50 லட்சம் வேலை என்றது. திட்டக் குழுவின் தேசிய வளர்ச்சித் திட்டம் 2012-இல் வந்து, 2030-க்குள் 1 கோடியே 10 லட்சம் வேலை என்றது. நடுவில் வர்த்தகத் துறையின் தொழில் கொள்கைச் செயல்திட்டமும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. ஒரே கட்சி, ஒரே அமைச்சரவை, மூன்று வரைபடம். 2019-இல்தான் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கினார்கள்.

கரும்பு: நீண்ட பயிர், குட்டைக் கொள்கை

டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் வழியாக வடக்கே போகிறவர்களுக்குச் சாலையின் இரண்டு பக்கமும் கரும்புதான். நடால் கரும்பு முற்ற ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். வெட்டியபின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு வரும். பல வெட்டு வெட்டிய பிறகுதான் கட்டையைப் பிடுங்கிப் புதிதாக நடுவார்கள். அதாவது இன்று கரணை நடுகிறவர் அடுத்த பல வருஷத்துக்கான முடிவை இன்றே எடுக்கிறார். 20,000-க்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

இவர்களுக்கான வரி ஒரு சூத்திரத்தில் ஓடுகிறது. டன்னுக்கு இவ்வளவு டாலர் என்று ஒரு காப்பு விலை. உலகச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் அந்த வித்தியாசம் வரியாக விழும். 2018 ஆகஸ்டில் அந்தக் காப்பு விலை 566 டாலரிலிருந்து 680 டாலராக உயர்ந்தது. தொழில்துறை கேட்டது 856. சூத்திரம் காகிதத்தில் தானாக ஓடும். நடைமுறையில், விலை மாறியபின் முன்னே சொன்ன அத்தனை மேசைகளையும் தாண்டி அரசிதழில் வந்தால்தான் புது வரி செல்லும். அந்த இடைவெளியில் வணிகர் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கதவு பூட்டும் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடிவருவது மாதிரி.

உள்ளூரில் விற்காத சர்க்கரை என்னவாகும்? ஏற்றுமதியாகும், உலக விலைக்கு. அந்த விலை பெரும்பாலும் உள்ளூர் விலையைவிடக் குறைவு. ஆகவே இறக்குமதி ஒரு டன் உள்ளே வந்தால், உள்ளூர் டன் ஒன்று கப்பலேறிக் குறைந்த காசுக்குப் போகிறது. எஸ்வாத்தினிச் சர்க்கரை சுங்க ஒன்றியத்துக்குள் வரியே இல்லாமல் வருவதால், உலகச் சந்தைக்குப் போட்ட வேலி அதன் வழியில் நிற்பதே இல்லை.

இப்போது குளிர்பான வரிக்கு வருவோம். 100 மில்லிக்கு 4 கிராம் வரை சர்க்கரைக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட். 2019-இல் அது 2.21 சென்ட் ஆனது. 100 மில்லியில் 10.6 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லி டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு உட்படுவது 100 மில்லிக்கு 6.6 கிராம், டின்னுக்கு ஏறக்குறைய 22 கிராம். 2.21 சென்ட் வீதம் சுமார் 48 சென்ட். வாங்குகிறவருக்கு அரை ராண்ட் பெரிதாகத் தெரியாது. கோடிக்கணக்கில் டின் விற்கும் நிறுவனத்துக்குத் தெரியும். அவர்கள் செய்முறையையே மாற்றி, சர்க்கரையைக் குறைத்துச் செயற்கை இனிப்பைச் சேர்த்தார்கள். ஆலைகள் தங்கள் பெரிய வாடிக்கையாளரில் ஒரு பகுதியை இழந்தன.

வரி தவறு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை வியாதி எவ்வளவு அதிகம் என்பது டர்பனில் எந்த வீட்டிலும் கேட்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் கரும்பு போடுகிறார், தங்கை இன்சுலின் போடுகிறார் என்றால் அரசு யார் பக்கம் நிற்க வேண்டும்? சுகாதாரக் கணக்கில் வரி சரி. கொள்கைக் கோளாறு வேறிடத்தில்: இந்த வரியால் தேவை குறையும் என்று தெரிந்தே போட்டவர்கள், குறைகிற கரும்பை வைத்து என்ன செய்வது என்பதை அன்றே பேசவில்லை. எத்தனால், மின்சாரம், வேறு பயிர் என்ற பேச்செல்லாம் அரசும் தொழில்துறையும் சேர்ந்து 2020 நவம்பரில் கையெழுத்திட்ட சர்க்கரைப் பெருந்திட்டத்தில்தான் முறையாக வந்தது.

அந்தப் பெருந்திட்டத்தின் பேரம் நல்ல பேரம்தான். கடைகளும் பெரிய கொள்முதல்காரர்களும் முதல் வருஷம் 80 சதவீதமாவது உள்ளூர்ச் சர்க்கரை வாங்குவது, படிப்படியாக 95 சதவீதத்துக்குப் போவது. பதிலுக்கு ஆலைகள் விலையைக் கண்டபடி ஏற்றாமல் இருப்பது. ஆனால் நிதித் துறை தன் கையை வெளியேதான் வைத்திருந்தது. 2022 பட்ஜெட்டில் குளிர்பான வரியை 2.31 சென்டாக உயர்த்துவதாக அறிவித்தது, ஒரு வருஷம் தள்ளிப் போட்டது, 2023 பட்ஜெட்டில் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டது. தள்ளிப்போட்டது தொழிலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். தலைக்கு மேல் தொங்கும் வரி, விழாவிட்டாலும் வேலை செய்யும். ஆலையில் புது இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனால் வங்கி அந்த 2.31-ஐத்தான் கேட்கும்.

பெரிய சர்க்கரை நிறுவனமான டோங்காட் ஹியூலட் 2022 அக்டோபரில் நொடிப்பு மீட்பு நடவடிக்கைக்குள் போனதையும் கொள்கைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களே பொய் சொன்னது 2019-இல் அம்பலமானது. வரி எப்படி இருந்திருந்தாலும் அந்த ஓட்டை ஓட்டைதான்.

துணி: வேகமாகத் திறந்த கதவு

1994-இல் உலக வர்த்தகப் பேச்சில், உடை மீதான மிக உயர்ந்த வரியை 12 வருஷத்தில் 45 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக நாடு ஒப்புக்கொண்டது. பிறகு யாரும் கேட்காமலே அந்தக் கெடுவை 8 வருஷமாகச் சுருக்கி, 2002-க்குள் 40 சதவீதத்துக்கு இறக்கியது. அந்தக் காலத்தில் நெடுநாள் வர்த்தக அமைச்சராக இருந்த அலெக் எர்வின் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் என்பதைச் சொல்ல வேண்டும். தொழிலாளி விரோதம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. போட்டி வந்தால் ஆலைகள் திறமை கூட்டும் என்பது நம்பிக்கை. திறமை கூட்ட இயந்திரமும் பயிற்சியும் பணமும் வேண்டும், அதற்குத்தான் அந்த 12 வருஷம். கெடுவைச் சுருக்கியபோது அந்த நேரமும் சுருங்கியது.

டர்பனில் நடந்ததை வயதானவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். பெரிய தளத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடிய இடம் கிட்டங்கியானது. மெஷின்கள் மலிவு விலைக்குப் போயின. சாட்ஸ்வொர்த்தில் வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் நாலு ஓவர்லாக் மெஷின் போட்டு, வெட்டிக் கொடுத்த துணியை உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கும் வேலை பெருகியது. அப்படித் தைப்பவருக்கு ஓய்வூதியமும் கிடையாது, சீசன் முடிந்தால் வேலையும் கிடையாது.

அப்புறம் கதவை மூடப் பார்த்தார்கள். 2007 ஜனவரி 1 முதல் 2008 டிசம்பர் 31 வரை சீனத் துணி, உடைகளில் 31 வகைகளுக்கு அளவுக் கட்டுப்பாடு. சீனாவின் பங்கு குறைந்தது. அந்த இடத்தில் வேறு ஆசிய நாடுகளின் சரக்கு வந்தது. இரண்டு வருஷம் முடிந்ததும் கட்டுப்பாடும் முடிந்தது. 2009-இல் உடை வரியை மறுபடி 45 சதவீதத்துக்கு, அதாவது உச்ச வரம்புக்கே ஏற்றினார்கள். கூடவே ஆலைகளின் போட்டித்திறனை உயர்த்த மானியத் திட்டமும் வந்தது. 2019 நவம்பரில் துணிக்கும் ஒரு பெருந்திட்டம். ஏறிய வரி, இறங்கிய வரி, மறுபடி ஏறிய வரி என்று பதினைந்து வருஷத்தில் மூன்று திசை.

துணித் தொழிலுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் எந்த அமைச்சர் வந்தாலும் ஏன் திணறுகிறார் என்று புரியும். நூலுக்கு 15%, நெய்த துணிக்கு 22%, உடைக்கு 45% என்று வரி படிப்படியாக ஏறுகிறது. நூற்பாலைக்காரருக்கு 15% வேண்டும். நெசவு ஆலைக்காரர் அதே நூலை வாங்குபவர். அவருக்கு நூல் வரி வேண்டாம், துணி வரி 22% வேண்டும். தையல் ஆலைக்காரருக்குத் துணி வரி வேண்டாம், உடை வரி மட்டும் வேண்டும். 100 ராண்ட் துணியை இறக்குமதி செய்தால் 122 ராண்ட். அந்த 22 ராண்ட் நெசவாளிக்குப் பாதுகாப்பு, தையல்காரருக்குத் தண்டனை. உள்ளூரில் கிடைக்காத துணிக்கு வரிக் கழிவு கொடுக்கலாம் என்றால், 'கிடைக்காத துணி' எது என்று மறுபடி விசாரணை. இதற்கிடையில், ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டார நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் ஒப்பந்தப்படி மொரீஷியஸ், மடகாஸ்கர் உடைகள் மூல விதிகளை நிறைவேற்றினால் வரியில்லாமல் வரலாம். 45 சதவீதச் சுவரில் அது முறையாக வைத்த வாசல்.

முறையில்லாத வாசல் ஒன்று கைபேசிக்குள் திறந்தது. 500 ராண்டுக்குக் குறைந்த பார்சல்களுக்கு, வேலையைச் சுருக்க, மொத்தமாக 20% வாங்கிக்கொண்டு மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் விடும் நடைமுறை ஒன்று இருந்தது. எப்போதாவது வரும் பார்சலுக்காக வைத்தது. ஷீன், டெமு என்ற இணையக் கடைகள் வந்தபின் அது கப்பல் பாதை மாதிரி ஆகிவிட்டது. 400 ராண்ட் உடைக்கு இந்த வழியில் வரி 80 ராண்ட். அதே உடையைக் கடைக்காரர் கொள்கலனில் கொண்டுவந்தால் 45% என்று 180 ராண்ட், அதற்கு மேல் 15% மதிப்புக்கூட்டு வரி. நுணுக்கங்களை விட்டாலும் மொத்தம் 260 ராண்டைத் தாண்டும். கடைக்காரர் சங்கங்கள் கத்திய பிறகு, 2024 செப்டம்பர் 1 முதல் சிறு பார்சலுக்கும் மதிப்புக்கூட்டு வரி வந்தது. பெருந்திட்டம் எழுதியவர்களும் பார்சல் விதி எழுதியவர்களும் ஒரே அரசில் இருந்தார்கள். வரியை 45 ஆக்கியவர் பார்சல் மேசையை எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கார்: ஏன் இது மட்டும் நின்றது?

ப்ராஸ்பெக்டன் ஆலை 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான கார்கள் நாசமாயின, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. ஆனாலும் ஆலையைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். வெள்ளத்தில் போன பணத்தை மறுபடி போட ஒருவருக்குத் தைரியம் வருவதற்கு, 2035 வரைக்கும் விதி என்ன என்று தெரிந்திருப்பதும் ஒரு காரணம்.

கார் தொழிலின் விதி 1995-இல் தொடங்கியது. அதற்கு முன் முழுக் கார் இறக்குமதிக்கு 115% வரி, 1995-இல் 65%, வருஷா வருஷம் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு, 2012-இல் 25% ஆக்கினார்கள். துணி மாதிரியே இங்கும் வரி இறங்கியது. ஆனால் இறங்கும் படிகள் தெரிந்திருந்தன. ஏற்றுமதி செய்கிறவருக்கு இறக்குமதி வரியில் கழிவும் கிடைத்தது. ஏற்றுமதியோடு சலுகையை முடிச்சுப் போட்டது உலக வர்த்தக விதிகளோடு உரசியது. அதனால் 2013 முதல் உற்பத்தியை அடிப்படையாக வைத்த திட்டத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றம் 2008-லேயே அறிவித்தாயிற்று. 2035 வரையிலான அடுத்த கட்டம் 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2021 ஜூலையில் தொடங்கியது. இலக்கு: உலக உற்பத்தியில் 1%, உள்ளூர்ப் பொருள் பங்கு 60%.

இந்த நிலைத்தன்மைக்குப் பின்னால் இருப்பவை:

1. ஆட்கள் குறைவு. நெடுங்காலம் ஏழு பெரிய நிறுவனங்கள்தான். ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்கலாம். சாட்ஸ்வொர்த் கார் கொட்டகைகளை எந்த மேசையில் உட்கார வைப்பது?

2. மிரட்டும் வலிமை. அடுத்த மாடலை எங்கே செய்வது என்று ஜப்பானிலும் ஜெர்மனியிலும் முடிவெடுக்கிறார்கள். விதி மாறினால் மாடல் வேறு நாட்டுக்குப் போகும். கரும்புக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு யாரும் தாய்லாந்துக்குப் போக முடியாது.

3. தேதி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தொடக்கம், மறுபரிசீலனை, முடிவு மூன்றும் எழுதப்பட்டிருந்தன. விதி மாறவே மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எப்போது மாறும் என்று சொன்னார்கள்.

மூன்றாவதுதான் என் கண்ணில் முக்கியம், ஏனென்றால் அது ஒன்றுதான் மற்றத் தொழில்களுக்கும் கொடுக்கக் கூடியது. இதற்கு விலையும் உண்டு. இந்த வரியின் சுமையைக் கார் வாங்குகிறவர்கள் முப்பது வருஷமாகச் சுமக்கிறார்கள். நிலையான கொள்கை என்றால் யாரோ ஒருவர் நிலையாகப் பணம் கட்டுகிறார் என்றும் பொருள். இந்தத் திட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை: ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு ஒப்பந்தப்படி 18%, மின்சாரக் காருக்கு 25%. சுற்றுச்சூழல் கொள்கை ஒரு பக்கம் பேச, வரி அட்டவணை இன்னொரு பக்கம் நிற்கிறது.

கோழியும் எஃகும், சுருக்கமாக

2020 மார்ச்சில் எலும்போடு கூடிய உறைந்த கோழித் துண்டுகளுக்கு வரி 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக ஏறியது. 2022 ஆகஸ்டில் பிரேசிலுக்கும் நாலு ஐரோப்பிய நாடுகளுக்கும் எதிரான பொருள்குவிப்புத் தடுப்பு வரி விசாரணை முடிந்து தயாராக இருந்தது. உணவு விலை ஏறுகிறது என்று அமைச்சர் படேல் அதை 12 மாதம் நிறுத்தி வைத்தார். 2023 ஆகஸ்டில் வரி வந்தது. கோழிப் பண்ணைக்காரர் இதைத் துரோகம் என்றார். மாதக் கடைசியில் உறைந்த கோழிப் பாக்கெட் வாங்கிக் குழம்பு வைக்கிற குடும்பத்துக்கு அந்த 12 மாதம் உதவி.

குவாசூலு-நடாலில் உள்ள நியூகாஸ்டில் எஃகு ஆலைக் கதை இன்னும் சிக்கல். பழைய இரும்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் உள்ளூர் உருக்காலைகளுக்குத் தள்ளுபடி விலையில் காட்ட வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது; 2021-இல் ஏற்றுமதி வரியும் சேர்ந்தது. இது பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலைகளுக்கு வரப்பிரசாதம். இரும்புத் தாதை ஊது உலையில் உருக்கும் பெரிய ஆலைக்கு, தன் நாட்டு அரசே போட்டியாளருக்குக் கொடுத்த மானியம். கம்பி போன்ற நீள்வகை எஃகு உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2023 நவம்பரில் அந்தப் பெரிய ஆலையின் உரிமையாளரான ஆர்சலர்மிட்டல் அறிவித்தபோது, ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டவை சுமார் 3,500 வேலைகள். அது சொன்ன காரணங்களில் இந்தப் பழைய இரும்பு விதியும் ஒன்று. மின்சாரமும் ரயிலும் மற்றவை. அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு அந்தப் பெரிய ஆலையிலும் பங்கு உண்டு, சிறு ஆலைகளுக்கும் அதுதான் கடன் கொடுத்தது. இடது கையும் வலது கையும் ஒரே உடம்பில் மல்யுத்தம்.

கோளாறு பிறக்கும் இடங்கள்

1. ஒருவருடைய விளைபொருள் இன்னொருவருடைய மூலப்பொருள். நூல், பழைய இரும்பு, சர்க்கரை மூன்றிலும் இதே கதை. அமைச்சர் மனம் மாறாமல் இருந்தாலும் இந்த முரண்பாடு போகாது.

2. வாக்குறுதிகளின் ஆயுள் வேறு வேறு. கரும்புக் கட்டை பல வருஷம், கார் மாடல் ஏழெட்டு வருஷம், அமைச்சர் ஐந்து வருஷம், பட்ஜெட் ஒரு வருஷம். குறைந்த ஆயுள் உள்ளது கூடிய ஆயுள் உள்ளதைத் தின்றுவிடும்.

3. வரி சுலபம், மற்றது கஷ்டம். துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்குவதையோ மின்வெட்டையோ சரிசெய்வதற்கு வருஷங்கள் ஆகும். வரியை மாற்ற மாதங்கள் போதும். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் நின்றபோது, எந்த வரி அட்டவணையும் அந்த வரிசையைக் குறைக்கவில்லை. ஆனாலும் தொழிலதிபர்களின் மனுவில் முதலில் வருவது வரிதான், ஏனென்றால் அது ஒன்றுதான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் அடி

வீட்டுக்குள் எல்லாம் ஒத்துப்போனாலும் வாசலுக்கு வெளியே என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்கா 2000-ஆம் வருஷச் சட்டம் ஒன்றின்படி ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியில்லாச் சலுகை கொடுத்துவந்தது. அது ஒப்பந்தம் இல்லை. கொடுத்தவர் நினைத்தால் எடுக்கலாம். 2015-இல் அதில் நீடிக்க, வருஷத்துக்கு 65,000 டன் அமெரிக்கக் கோழிக்கு வழிவிட வேண்டியிருந்தது. கார் ஏற்றுமதியைக் காப்பாற்ற உள்ளூர்க் கோழி விலை கொடுத்தது என்றே சொல்லலாம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா கார்களுக்கு 25% வரி போட்டது. ஆகஸ்டில் பெரும்பாலான மற்றத் தென்னாப்பிரிக்கச் சரக்குகளுக்கு 30%. செப்டம்பர் 30-இல் அந்தப் பழைய சலுகைச் சட்டத்தின் கெடுவும் முடிந்தது. கோழி வாசல் திறந்ததற்குக் கிடைத்த கைமாறு பத்து வருஷம்தான் தாங்கியது.

மாற்றுச் சந்தையாக அரசு காட்டுவது ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதி. 2024 ஜனவரி 31 அன்று டர்பன் துறைமுகத்தில் விழா வைத்து, அந்த ஒப்பந்தத்தின் கீழ் முதல் சரக்கை அதிபர் ரமபோசா வழியனுப்பினார். குளிர்சாதனப் பெட்டிகள், வீட்டுச் சாதனங்கள், சுரங்கத் தொழில் சாமான்கள் போயின. எந்தப் பொருளை 'ஆப்பிரிக்காவில் செய்தது' என்று ஏற்பது என்ற மூல விதி அன்றைக்கு இன்னும் முடிவாகாமல் இருந்த பொருள்களில் முக்கியமானவை இரண்டு: கார், உடை.